மலையில் வேன் பயணம்: டிவி டிஷ்ஷைக் கூரையில் பொருத்துவதா, தரையில் முக்காலியில் நிறுத்துவதா?

கோத்தகிரி வேன்வீடு | திங்கள், இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை, சமையல் மேடை, சிறிய கழிப்பறை எல்லாம் அமைத்து, பதிவுச் சான்றிலும் அந்த மாற்றத்தை ஏற்றி வாங்கிவிட்டோம். பயணம் செய்யப்போவது மூன்று பேர்: நான், மனைவி, என் அம்மா. அம்மாவுக்கு 79 வயது. பகல் முழுவதும் ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே வருவார். ஒரு குறையும் சொல்லமாட்டார். ஆனால் இரவு ஏழு மணிக்குச் செய்தி, அதன்பின் ஒரு தொடர், இரண்டையும் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அப்பா போனபின் வந்த பழக்கம். அதை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டிசம்பரில் மசினகுடியில் இரண்டு இரவு. ஜனவரியில் கொடைக்கானல் மேல்மலையில் ஒரு வாரம், பூம்பாறை, மன்னவனூர் பக்கம். கோயம்புத்தூரில் ஒரு கடையில் வண்டிக் கூரையில் பொருத்தும் குமிழ் வடிவ ஆன்டெனாவைக் காட்டினார்கள். வெளிநாட்டுச் சரக்கு. பொத்தானை அழுத்தினால் அதுவே செயற்கைக்கோளைத் தேடிப் பிடித்துவிடும் என்கிறார்கள். விலை என் இரண்டு மாத ஓய்வூதியம். கூரையில் நான்கு துளை போட வேண்டும்.

வாங்கலாமா? அல்லது வீட்டு மாடியில் இருப்பதுபோன்ற சாதாரண டிஷ்ஷே போதுமா? பட்டறிந்தவர்கள் சொல்லுங்கள்.


குன்னூர் டிஷ் மெக்கானிக் | திங்கள், இரவு 10.02

ஐயா, துளை போடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

இருபது வருடமாகக் குன்னூர், அருவங்காடு, கோத்தகிரி பக்கம் டிஷ் பொருத்துகிறேன். பங்களாவிலும் பொருத்தியிருக்கிறேன், எஸ்டேட் லைன் வீடுகளிலும் பொருத்தியிருக்கிறேன். மலைப்பகுதியில் படம் வராவிட்டால் மலை மறைக்கிறது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் மரம்தான் மறைக்கிறது. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் டிவி செயற்கைக்கோள்கள் எல்லாம் வானத்தில் நல்ல உயரத்தில் நிற்கின்றன. எதிரே ஒரு மலை நின்றாலும் அதன் தலைக்கு மேலே டிஷ் பார்த்துவிடும். ஆனால் பத்தடி தூரத்தில் ஒரு சில்வர் ஓக் நின்றால் படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.

இப்போது உங்கள் வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்று யோசியுங்கள். வயதான அம்மா உள்ளே இருக்கிறார். நிழலாக, சமதளமாக, கழிப்பறைக்குப் பக்கமாக, காற்று அடிக்காத இடமாகப் பார்த்துத்தான் நிறுத்துவீர்கள். அந்த இடம் எப்போதும் மரத்தடிதான். கூரையில் டிஷ் இருந்தால் அதுவும் மரத்தடிக்கு வந்துவிடும். வண்டிக்கு நிழல் வேண்டும், டிஷ்ஷுக்குத் திறந்த வானம் வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் கட்டிவைத்தால் ஒன்று கெடும். முக்காலியில் ஒரு 60 சென்டிமீட்டர் டிஷ், 15 மீட்டர் கேபிள். வண்டி நிழலில் நிற்கட்டும், டிஷ் வெயிலில் நிற்கட்டும்.

வீட்டில் எந்த நிறுவனத்தின் இணைப்பு என்று சொல்லுங்கள். அதைப் பொறுத்துத்தான் திசை.


கோத்தகிரி வேன்வீடு | செவ்வாய், காலை 7.25

மிக்க நன்றி. வீட்டில் இருப்பது டாடா பிளே. வேனுக்கென்று தனியாக டிடி ஃப்ரீ டிஷ் பெட்டி வாங்கலாம் என்றும் ஓர் எண்ணம் இருக்கிறது. மாதக் கட்டணம் கிடையாதே.


லவ்டேல் மாணவன் | செவ்வாய், காலை 8.40

ஐயா, தவறாக நினைக்க வேண்டாம். இந்தக் காலத்தில் டிஷ் எதற்கு? செல்போனில் டேட்டா போட்டு, டிவியில் இணைத்தால் செய்தியும் வரும், தொடரும் வரும். முக்காலி, கேபிள், திசைகாட்டி எதுவும் வேண்டாம். நாங்கள் வீட்டில் டிஷ்ஷை எடுத்துவிட்டு இரண்டு வருடம் ஆகிறது.


மேல்மலை பூண்டு விவசாயி | செவ்வாய், பகல் 1.15

தம்பி சொல்வது ஊட்டி நகருக்குச் சரி. நான் பூம்பாறைக்காரன். ஊருக்குள் போன் நன்றாகவே எடுக்கிறது. ஊரைத் தாண்டி ஒரு வளைவு திரும்பினால் என் போனில் ஒரு கோடு, இன்னொரு வளைவில் அதுவும் இல்லை. மின்சாரம் நீண்ட நேரம் போய்விட்டால் டவரும் சேர்ந்து படுத்துவிடுகிற நாட்கள் உண்டு. விடுமுறை நாள் மாலையில் சுற்றுலாப் பயணிகள் கூட்டம் முழுவதும் ஒரே டவரைப் பிடித்து இழுக்கும்போது படம் சுற்றிக்கொண்டே நிற்கும். டிஷ்ஷுக்கு அந்தத் தொல்லை இல்லை. எத்தனை பேர் பார்த்தாலும் வானத்திலிருந்து வருவது குறையாது.

இன்னொன்றும் இருக்கிறது. 79 வயது அம்மாவுக்கு ரிமோட்டில் எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று கைக்குத் தெரியும். போனில் பட்டியல் பட்டியலாகத் தேடி எடுக்க இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருக்கும். என் தாயார் அப்படிக் கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு டிவியே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

வேன்காரர் ஐயாவுக்கு: இ-பாஸ் எடுத்துவிட்டு வாருங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் அதை எடுத்துத்தான் வர வேண்டும். காட்டோரச் சாலையில் வண்டியை நிறுத்தித் தங்க வனத்துறை விடாது. பட்டா நிலத்திலோ தங்கும் விடுதி வளாகத்திலோ கேட்டு நிறுத்துங்கள். எங்கள் பக்கம் எல்லாம் படிப்படியான வயல். திறந்த வானத்துக்குக் குறைவே இல்லை.


கூடலூர் மழைக்காரர் | செவ்வாய், மாலை 6.50

குமிழ் ஆன்டெனாவை வாங்கப் போகிறவருக்கு என் அனுபவத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

மூன்று வருடம் முன்பு நானும் ஒன்று வாங்கினேன். பயன்படுத்தியது, அமெரிக்காவிலிருந்து வந்தது. விற்றவர் நல்ல மனிதர்போலத்தான் பேசினார். தேவாலாவில் தங்கை வீட்டு முற்றத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். உள்ளே மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டது. சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. இரண்டு மணி நேரம். கடைசியில் ஒரு விளக்கு சிவப்பாக எரிந்தது. மறுநாள் நாடுகாணி, அதற்கு மறுநாள் பந்தலூர். எங்கும் இதே கதை. பழுது என்று நினைத்து அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். கருவியில் குறையே இல்லை என்று திரும்பி வந்தது. இன்றுவரை அது ஏன் பிடிக்கவில்லை என்று எனக்கு யாரும் விளக்கவில்லை. பணம் போனதைவிட அந்தக் கேள்விதான் உறுத்துகிறது.


ஆஸ்டினில் ஒரு குன்னூர்ப் பெண் | புதன், அதிகாலை 5.30

கூடலூர் அண்ணா, உங்கள் கருவி பழுதில்லை. அதை இந்திய வானத்துக்காகச் செய்யவில்லை. நானும் கணவரும் டெக்சாஸில் ஆர்வி, அதாவது உங்களுடையதுபோன்ற ஒரு வேன்வீடு, வைத்திருக்கிறோம், இதே குமிழைத்தான் ஏழு வருடமாகப் பயன்படுத்துகிறோம். அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

இங்கே அமெரிக்காவில் வீட்டு டிஷ்ஷுக்குக் கூ-பேண்ட் என்ற அலைவரிசையில் வரும் அலைகள் சுழன்றுகொண்டே வருபவை. வட்டத் துருவ அலை என்பார்கள். இந்தியாவில் வருபவை நேர்கோட்டில் அதிர்பவை. ஒன்று செங்குத்து, இன்னொன்று கிடை. டிஷ்ஷின் முன்னால் நீட்டிய கையில் அலையை வாங்கும் சிறு கருவிதான் எல்என்பி. அது இரண்டுக்கும் வேறு வேறு. வட்டத்துக்கான எல்என்பியில் நேர்கோட்டு அலையை வாங்கினால் பாதிச் சக்தி போய்விடும். அதோடு செங்குத்தும் கிடையும் ஒன்றோடொன்று கலந்து வரும். அந்த எல்என்பிக்குள் இருக்கும் அலைவரிசை மாற்றியும் வேறு. இங்கே 11.25 கிகாஹெர்ட்ஸ். இந்தியாவில் வழக்கமாக விற்கும் எல்என்பியில் 9.75, 10.6 என்று இரண்டு. இதெல்லாம் போகட்டும், மோட்டாரை ஓட்டும் நிரலுக்குத் தெரிந்தவை மேற்குத் தீர்க்கரேகை 101, 110, 119 போன்ற இடங்களில் நிற்கும் செயற்கைக்கோள்கள் மட்டுமே. தேவாலாவில் நின்றுகொண்டு அது அமெரிக்க வானத்தைத் தேடியிருக்கிறது, பாவம்.

உயரமும் கணக்கில் வரும். ஆஸ்டினிலிருந்து 119 மேற்குச் செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து சுமார் 48 டிகிரி உயரத்தில் தெரிகிறது. வடக்கே போகப் போக இன்னும் தாழும். நம் நீலகிரியில் அதைவிட வெகு உயரம். எந்தக் குமிழை வாங்கினாலும் அது எத்தனை டிகிரி வரை நிமிர்ந்து பார்க்கும் என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

இங்கேயும் காட்டுப் பூங்காக்களில் தங்கும் பழைய ஆர்விக்காரர்கள் கூரையில் குமிழ் இருந்தாலும் வண்டிக்குள் ஒரு முக்காலி டிஷ்ஷும் வைத்திருக்கிறார்கள். பைன் மரத்தடியில் குமிழால் ஒன்றும் செய்ய முடியாது. மெக்கானிக் அண்ணா சொன்ன அதே காரணம்தான்.


கூடலூர் மழைக்காரர் | புதன், காலை 9.05

மூன்று வருடத்துக்குப் பிறகு நிம்மதியாக இருக்கிறது. நன்றி தங்கச்சி.


ஓய்வு பெற்ற தொலைத்தொடர்புப் பொறியாளர், கொடைக்கானல் | புதன், பகல் 11.40

நல்ல விவாதம். இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே முக்கால் வேலை. ஊட்டி முத்தோரையில் 1970-ல் அமைத்த ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்திருப்பீர்கள்: 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதற்காக வடக்கு தெற்காகச் சுமார் 11 டிகிரி சரிந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார்கள். ஊட்டியின் அட்சரேகையும் 11 டிகிரி. அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் சுழற்றி ஒரு வானப்பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடர முடிகிறது. சரியான சரிவு கிடைத்ததும் கருவியின் பாதிச் சிக்கல் தீர்ந்துவிட்டது. நம் 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்கும் இதே புத்திதான் வேண்டும்.

கணக்குக்கு வருகிறேன். எல்லாம் ஊட்டியை வைத்துப் போட்டது. டாடா பிளேயின் செயற்கைக்கோள் 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. நேர்த் தெற்கிலிருந்து சுமார் 29 டிகிரி கிழக்கே திரும்பி, அடிவானத்திலிருந்து 75 டிகிரி நிமிர்ந்து பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட உச்சந்தலை. டிடி ஃப்ரீ டிஷ் இருப்பது 93.5 கிழக்கில், ஜிசாட்-15 செயற்கைக்கோளில். தெற்கிலிருந்து 57 டிகிரி கிழக்கே, 66 டிகிரி உயரம். ஏர்டெல் 108.2 கிழக்கு, தெற்கிலிருந்து 72 டிகிரி, அதாவது ஏறக்குறைய கிழக்கே, 51 டிகிரி உயரம். கொடைக்கானலில் இந்த எண்கள் ஒன்றிரண்டு டிகிரிதான் மாறும்.

இந்த உயர வித்தியாசத்தை மரத்தோடு சேர்த்துப் பாருங்கள். டிஷ் பார்க்கும் திசையில், டிஷ்ஷைவிட 20 மீட்டர் உயரமான ஒரு கற்பூர மரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 83-க்கு அந்த மரத்திலிருந்து ஐந்தரை மீட்டர் தள்ளி வைத்தால் வானம் திறந்துவிடும். 93.5-க்கு 9 மீட்டர் தள்ள வேண்டும். 108.2-க்கு 16 மீட்டர். கிளை பரந்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். சோலை ஓரத்திலும் எஸ்டேட்டுக்குள்ளும் தங்குகிறவருக்கு உயரமாக நிற்கும் செயற்கைக்கோள்தான் நல்லது. வேன்வீட்டு ஐயா, உங்கள் வீட்டுப் பெட்டியையே எடுத்துச் செல்லுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம். ஃப்ரீ டிஷ்ஷில் டிடி தமிழ் உண்டு, ஆனால் தனியார் சேனல்களின் இடங்கள் ஏலத்தில் போகின்றன. அம்மா பார்க்கும் தொடர் அதில் வருமா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எல்என்பியைத் திருகுவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வட்ட அலைக்கு அது தேவையே இல்லை, அதனால் வெளிநாட்டுக் கையேடுகள் பலவற்றில் அந்தப் பேச்சே இருக்காது. நமக்குத் தேவை, அதுவும் நிறைய. டிஷ்ஷின் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி இடஞ்சுழியாக, 83-க்கு சுமார் 28 டிகிரி, 93.5-க்கு சுமார் 55 டிகிரி. இது தொடக்கப் புள்ளி மட்டுமே. பெட்டியில் சிக்னல் தரம் ஏறும் வரை மெல்லத் திருகி நிறுத்துங்கள்.

திசைகாட்டியை வண்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், இரும்பு இழுத்துவிடும். மூன்று மீட்டராவது விலகி நில்லுங்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் நம் பகுதியில் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது, அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

எனக்குப் பிடித்த ஒரு வழி: மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். 93.5-க்கு அது காலை 11 மணி வாக்கில். அந்தச் சில நிமிடங்கள் படம் போய்விடும்; பழுது இல்லை. அந்த நேரத்தில் முற்றத்தில் எங்கே வெயில் விழுகிறதோ அங்கெல்லாம் டிஷ் வேலை செய்யும், எங்கே மர நிழல் விழுகிறதோ அங்கே செய்யாது. அடிக்கடி தங்கும் இடம் என்றால் அன்றைக்கு ஒரு கல்லை நட்டு வைத்துவிடலாம். நான் அப்படித்தான் பெருமாள்மலையில் உறவினர் தோட்டத்தில் ஒரு கல் நட்டேன். அதன்பின் அங்கே இடம் தேடவே இல்லை.


கூடலூர் மழைக்காரர் | புதன், இரவு 8.15

ஐயாவின் கணக்குக்கு வணக்கம். ஆனால் 60 சென்டிமீட்டர் போதும் என்று மெக்கானிக் தம்பி சொன்னதை நான் ஏற்கமாட்டேன். எங்கள் பக்கம் மழை வந்து பார்த்திருக்கிறீர்களா? தென்மேற்குப் பருவத்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் 60 டிஷ்ஷில் பாதி நாள் நீலத் திரைதான். 90 சென்டிமீட்டர் வைத்தபின்தான் என் வீட்டில் டிவி ஒழுங்காக ஓடுகிறது. மழைநாடு என்றால் 90.


குன்னூர் டிஷ் மெக்கானிக் | புதன், இரவு 9.00

அண்ணா, வீட்டுக்கு 90 சரிதான். சுவரில் நான்கு போல்ட் போட்டு இறுக்கிவிடலாம். இது முக்காலி. 90 டிஷ் என்றால் காற்று பிடிக்கும் பரப்பு இரண்டேகால் மடங்கு. மலையில் மாலைக் காற்றுக்கு முக்காலியோடு சாய்த்துவிடும். வேனுக்குள் வைக்கவும் இடம் வேண்டும். அத்துடன் பெரிய டிஷ்ஷின் பார்வை குறுகல். திசை சற்று நகர்ந்தாலும் படம் போய்விடும். தினமும் பிரித்து மாட்டுகிறவருக்கு 60 தான் மன்னிக்கும்.


ஓய்வு பெற்ற தொலைத்தொடர்புப் பொறியாளர், கொடைக்கானல் | வியாழன், காலை 10.20

இருவரும் சொல்வது உண்மை. 60-க்கும் 90-க்கும் உள்ள வித்தியாசம் மூன்றரை டெசிபல், அதாவது இரண்டேகால் மடங்கு சக்தி. மிதமான மழையில் அந்த மூன்றரைதான் படத்தைக் காப்பாற்றும். கொட்டும் மழையில் எந்த டிஷ்ஷும் காப்பாற்றாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்ததே, அப்படிப்பட்ட மழையில் டிஷ்ஷின் அளவைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பார்வை அகலம் 60-க்கு ஏறக்குறைய 3 டிகிரி, 90-க்கு 2 டிகிரி.

ஆகவே எப்போது போகிறார் என்பதைப் பாருங்கள். டிசம்பர் கடைசி, ஜனவரி. மசினகுடி மழை மறைவுப் பக்கம். மேல்மலையில் அந்நேரம் மழையைவிடக் குளிர்தான். 60 போதும். கூடலூர்க்காரர் ஜூலையில் தேவாலாவுக்கு வேன் எடுத்துப் போனால் நானே 90 வாங்கச் சொல்வேன்.

மூடுபனியைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். பனித்துளி மிக நுண்ணியது, இந்த அலைக்கு அது பெரிய தடை இல்லை. எல்என்பியின் முகத்தில் திரண்டு நிற்கும் நீர்தான் தொல்லை. ஒரு மெல்லிய துணியால் துடைத்தால் சரியாகும்.


சுற்றுலா வேன் ஓட்டுநர், மேட்டுப்பாளையம் | வியாழன், பகல் 2.30

வண்டி ஓடும்போதே படம் வரும் குமிழ்களும் இருக்கின்றனவாமே. பயணிகள் கேட்கிறார்கள். மலைப்பாதையில் அது நன்றாக வருமா?


ஓய்வு பெற்ற தொலைத்தொடர்புப் பொறியாளர், கொடைக்கானல் | வியாழன், மாலை 4.10

சமவெளி நெடுஞ்சாலையில் நன்றாகவே வரும். மலைப்பாதையில் ஒரு பக்கம் வெட்டிய பாறைச் சுவர் தலைக்கு மேல் எழும், மறுபக்கம் மரம் கவியும். கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வண்டி அரை வட்டம் திரும்புகிறது. மோட்டார் துரத்திப் பிடிப்பதற்குள் அடுத்த மரம் வந்துவிடும். அந்தப் பணத்துக்கு வண்டியின் பிரேக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மனமாரச் சொல்கிறேன்.


கோத்தகிரி வேன்வீடு | வெள்ளி, இரவு 7.45

எல்லோரும் இவ்வளவு அக்கறையோடு எழுதியதைப் படித்தபின் குமிழ் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். இன்னும் ஒரு சந்தேகம். வேனில் 12 வோல்ட் 100 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று தனியாக இருக்கிறது. 24 அங்குல டிவி. இரவு மூன்று மணி நேரம் தாங்குமா?


குன்னூர் டிஷ் மெக்கானிக் | வெள்ளி, இரவு 8.30

தாராளமாக. அந்த அளவு டிவி 30 வாட் வரை எடுக்கும், பெட்டியும் எல்என்பியும் சேர்ந்து ஒரு 10 வாட். மொத்தம் 40. உங்கள் பேட்டரியில் பாதியை மட்டும் செலவழித்தாலே 600 வாட் மணி, பதினைந்து மணி நேரம். 12 வோல்ட்டிலேயே ஓடும் டிவி, பெட்டி என்றால் இன்வெர்ட்டரே வேண்டாம். அடாப்டரின் மேல் எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு இணையுங்கள். வேறு வோல்ட் போட்டுவிட்டால் பெட்டி போய்விடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது: 83-க்கு டிஷ் மிகவும் மல்லாந்து படுக்க வேண்டும். சில மலிவான டிஷ்களின் பின்புறப் பிடி அவ்வளவு சாயாது. கடையிலேயே சாய்த்துப் பாருங்கள். நம் டிஷ்கள் எல்என்பி நேர் நடுவில் இல்லாமல் கீழே தள்ளி நிற்கும் ஆஃப்செட் வகை என்பதால், பார்வைக்கு 50 டிகிரி சாய்ந்ததுபோல் தெரியும்போதே அது 75-ஐப் பார்த்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

முக்காலியின் குழாய் நேராக நிற்கிறதா என்று கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை ஒட்டிவைத்துப் பாருங்கள். குழாய் நேராக இருந்தால், வீட்டில் ஒருமுறை சாய்வைச் சரிசெய்து பெயிண்டால் கோடு போட்டுவிடலாம். பிறகு நம் மலைப் பக்கம் எங்கே போனாலும் சாய்வை ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் தொட வேண்டியதில்லை, மற்றபடி இடவலமாகத் திருப்பினால் போதும். திருப்பும்போது ஒரு விரல் அகலம், நிறுத்தம், மூன்று விநாடி காத்திருத்தல், மறுபடி ஒரு விரல். பெட்டிக்குக் கண்டுபிடிக்க நேரம் வேண்டும். வேகமாகச் சுழற்றுகிறவர்கள் சரியான இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். சிக்னல் வலிமை என்ற கோட்டை நம்பாதீர்கள், வெறும் வானத்தைக் காட்டினாலும் அது ஏறியே நிற்கும். தரம் என்ற கோட்டைப் பாருங்கள்.


மேல்மலை பூண்டு விவசாயி | வெள்ளி, இரவு 9.15

கேபிளைத் தரையில் இழுத்துப் போடாதீர்கள் ஐயா. இங்கே இரவில் காட்டெருமை வரும். கால் மாட்டினால் முக்காலி, டிஷ், பெட்டி எல்லாம் அதனோடு போகும். கல்சுவர் ஓரமாக ஒட்டிக் கொண்டுவாருங்கள். படுக்கப் போகும்போது டிஷ்ஷை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.


கோத்தகிரி வேன்வீடு | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.00

நேற்றுத்தான் திரும்பினோம். கடன்பட்டதுபோல் உணர்கிறேன், அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மசினகுடியில் விடுதி வளாகத்தில் ஒரு பெரிய புளியமரத்தடியில்தான் வண்டியை நிறுத்த இடம் கொடுத்தார்கள். கூரையில் பொருத்தியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். பன்னிரண்டு மீட்டர் தள்ளி முற்றத்தில் முக்காலியை வைத்து, நடுவில் 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டேன். முதல் நாள் நாற்பது நிமிடம் ஆனது. தரம் 20-க்கு மேல் ஏறவே இல்லை. பொறியாளர் ஐயா எழுதியதை மறுபடி படித்தபோதுதான் புரிந்தது: டிஷ்ஷின் முன்னால் நின்று இடஞ்சுழியாகத் திருகியிருந்தேன். பின்னால் நின்று திருகியதும் 70 வந்தது. மணி 7.20. செய்தி பாதி போயிருந்தது, தொடர் முழுவதும் கிடைத்தது. மறுநாள் பன்னிரண்டே நிமிடம்.

பூம்பாறையில் மேல்மலை விவசாயி ஐயா தன் வயலில் ஒரு படியையே ஒதுக்கிக் கொடுத்தார். கேபிளைச் சுவரோரம் கொண்டுவந்தோம். இரண்டாம் இரவு காட்டெருமைகள் நான்கு, வண்டிக்கு இருபதடி தூரத்தில் நின்றன. அம்மா டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டு ஜன்னலருகே உட்கார்ந்துவிட்டார். அன்று தொடர் போய்விட்டது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் பனியில் எல்என்பி நனைந்து படம் உடைந்தது, துடைத்ததும் வந்தது. மன்னவனூரில் ஒரு மாலை மட்டும் எவ்வளவு திருப்பியும் வரவில்லை. காரணம் இன்னும் தெரியவில்லை. மறுநாள் காலை அதே இடத்தில் வந்தது.

டிஷ், முக்காலி, கேபிள், திசைகாட்டி எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கூரையில் ஒரு துளையும் இல்லை.


குன்னூர் டிஷ் மெக்கானிக் | ஞாயிறு, இரவு 8.20

மன்னவனூரில் நடந்தது கேபிள் முனையில் ஈரம் ஏறியதாக இருக்கும். இரவு காய்ந்ததும் வந்திருக்கிறது. எல்என்பியில் மாட்டும் எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், நடுக்கம்பி பச்சையாகவோ கருப்பாகவோ இருந்தால் ஒரு அங்குலம் வெட்டிப் புதிதாக மாட்டுங்கள். அதன்மேல் ரப்பர் மூடி போட்டு, கேபிள் கீழ்நோக்கித் தொங்கி மேலே ஏறுவதுபோல் ஒரு சுற்று விடுங்கள். நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், கனெக்டருக்கு வராது.


கூடலூர் மழைக்காரர் | ஞாயிறு, இரவு 9.40

வேன்வீட்டு ஐயா, முக்காலி எங்கே கிடைத்தது? நானும் ஒன்று செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். 90 டிஷ்ஷுக்குத்தான்.


குன்னூர் டிஷ் மெக்கானிக் | ஞாயிறு, இரவு 10.05

90-க்குக் கடை முக்காலி வேண்டாம் அண்ணா. வெல்டிங் பட்டறையில் கால் அகலமாக வைத்துச் செய்யச் சொல்லுங்கள், ஒவ்வொரு காலிலும் முளை அடிக்க ஒரு துளை விடச் சொல்லுங்கள். டிஷ்ஷின் கிளாம்பைக் கையோடு எடுத்துப் போங்கள். குழாயின் தடிமன் அதற்குப் பொருந்த வேண்டும். வாய்க்கணக்கில் சொன்னால் தவறிவிடும்.